தொடை வழியா, மண்டையைத் திறந்தா?

அம்மாவுக்கு மூளை ரத்தக்குழாயில் வீக்கம், வெடிக்காத அனியூரிசம். ரத்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்தார்கள். திருவையாற்றுப் பெரியப்பாவுக்கோ கிளிப். மண்டையோட்டைத் திறந்து வீக்கத்தின் கழுத்தில் கவ்வி மாட்டுவது, 1937இல் அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் வால்டர் டான்டி தொடங்கிவைத்த வழி.

முதல் மாதம் ஸ்டென்ட்தான் சுகம். தொடை ரத்தக்குழாய் வழியாகச் செலுத்தினார்கள். அடுத்த வாரமே அம்மா ரசம் தாளித்தார். பெரியப்பா கண் வீங்கி, தலையில் தையலோடு ஒன்றரை மாதம் திண்ணையில் கிடந்தார்.

அப்புறம்தான் கதை மாறியது. ஸ்டென்டில் ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் தினமும் போட வேண்டும். அரிவாள்மணையில் வாழைப்பூ நறுக்கியபோது விரலில் சின்னக் கீறல்தான். அரை மணி நேரம் துணியைச் சுற்றி அழுத்திப் பிடித்திருந்தோம். கையெல்லாம் நீலத் திட்டு. பல் பிடுங்குவதற்குக்கூட மூளை டாக்டரைக் கேட்க வேண்டும்; நாமாக மாத்திரையை நிறுத்தினால் பக்கவாதம் வரலாம். ஆறாம் மாதம் திரும்ப ஆஞ்சியோ, அதாவது ரத்தக்குழாயைப் படமெடுக்கும் சோதனை. பெரியப்பாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. குறுவை நடவுக்கு வரப்பில் வந்து நின்றுவிட்டார்.

வீக்கத்தின் இடமும் கழுத்தின் அகலமும் பார்த்து டாக்டர்தான் முடிவெடுப்பார். சரி, என்னைக் கேட்டால்? மாத்திரையை மறக்காதவருக்கு ஸ்டென்ட். அம்மா மறப்பார், டப்பாவை நான்தான் நிரப்புகிறேன்.