மாத்திரையா, பேச்சு சிகிச்சையா: பிள்ளைப் பருவத்துப் பற்றுக் காயத்துக்கு எது?

அப்பா அம்மா சிங்கப்பூரில், பிள்ளை காரைக்குடியில் ஆயா (பாட்டி) வீட்டில். செட்டிநாட்டில் இது புதிதல்ல. பர்மா, மலாயா காலத்திலிருந்தே உண்டு. ஆயாவின் மடி நிலையாக இருந்தால் பிள்ளை அங்கேயே வேர்பிடித்துவிடும். யாரிடமும் ஒட்டவிடாமல் கைமாறிக்கொண்டே வளர்ந்த பிள்ளைக்குத்தான் சிக்கல். முப்பது வயதிலும், கணவர் போனை எடுக்கத் தாமதித்தால் நெஞ்சு படபடக்கும். இதுதான் பற்றுக் காயம் (attachment trauma).

படபடப்பை மாத்திரை தணிக்கும். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும் செர்ட்ராலின் பெரியவர்களுக்கு வழக்கமாக 25 அல்லது 50 மில்லிகிராமில் தொடங்கும். குமட்டல் முதல் வாரமே வரும். பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். இந்த இடைவெளியில்தான் பலர் "ஒத்துக்கலை" என்று விட்டுவிடுகிறார்கள். அல்பிரசோலம் என்ற இன்னொரு பதற்ற மாத்திரை உடனே அடக்கும், சீக்கிரமே பழக்கமாகிவிடும். ஆனால் 'இவரும் விட்டுப் போயிடுவார்' என்ற எதிர்பார்ப்பை எந்த மாத்திரையும் மாற்றாது. பிள்ளைகளின் பற்றுச் சிக்கலுக்கு மருந்து தராதீர்கள் என்றே சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் (NICE) அமைப்பு 2015இல் வழிகாட்டியது.

அந்த எதிர்பார்ப்பு மாறுவது ஆள் மூலம்தான். அதுதான் பேச்சு சிகிச்சை, அதாவது சிகிச்சையாளரிடம் மனதைப் பேசிச் சரிசெய்வது: வாரம் ஒருமுறை, அதே கிழமை, அதே மணி, சுமார் 50 நிமிடம். சொன்னபடி ஒருவர் வந்து உட்கார்வதே பாதி மருந்து. முதல் சில சந்திப்புகளில் பழைய கதையைக் கிளறக்கூடாது. பாதம் தரையில் பதிவதைக் கவனிப்பது, மூச்சை நீட்டி விடுவது என்று உடம்பை அடக்கப் பழக வேண்டும். அவசரப்பட்டுக் கிளறினால் தூக்கம் கெட்டு, ஆளே வராமல் போய்விடுவார். மூன்றாம் மாத வாக்கில் சிகிச்சையாளர் மேலேயே கோபம் வரலாம். அதை அவரிடமே சொல்லிச் சரிசெய்வதுதான் சிகிச்சையின் நடு வேலை. சிலர் அந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள்.

ஆன்லைனில் பேசுவதானால் வளவு (செட்டிநாட்டு வீட்டின் முற்றப் பகுதி) வேண்டாம். முற்றத்தில் சொன்னது முகப்பு வரை கேட்கும். மாடி அறையோ நிறுத்திய காரோ நல்லது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேளுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 தமிழிலும் பேசும், இலவசம்.

தூக்கமும் சாப்பாடும் அறவே போயிருந்தால், சாக வேண்டும் என்று தோன்றினால், மனநல மருத்துவரும் மாத்திரையும் முதலில். மற்றபடி எங்கள் ஓட்டு பேச்சு சிகிச்சைக்கே. இரண்டும் சேர்ந்து நடந்தால், இரண்டையும் ஒரே மாதத்தில் நிறுத்த வேண்டாம். மாத்திரையை மருத்துவர் படிப்படியாகக் குறைக்கும்போது வாரச் சந்திப்பு அப்படியே ஓடட்டும்; அதன் பிறகு இரு வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று.