முதல் நகலுக்கு எது: வான் கோவின் காஃபி கடையா, பிஸாரோவின் பாரிஸ் தெருவா?

ஆயில் பெயின்ட் பழக, பெரியவர்களின் ஓவியத்தைப் பார்த்து நகல் எடுப்பது பழைய வழிதான். வான் கோவே தனக்கு முந்தைய பிரெஞ்சு ஓவியர் மியேயின் ஓவியங்களைக் கறுப்பு வெள்ளை அச்சில் பார்த்து, வண்ணத்தைத் தன் இஷ்டத்துக்குப் போட்டு நகல் எடுத்திருக்கிறார். போஸ்ட் இம்ப்ரஷனிஸ்ட்களின், அதாவது இம்ப்ரஷனிஸ்ட்களுக்கு அடுத்து வந்த ஓவியர்களின், நகரக் காட்சிதான் முதல் நகலுக்கு வேண்டும் என்றால், என் கண்ணில் முதலில் படுபவை இரண்டு இரவுக் காட்சிகள். 1888 செப்டம்பரில் ஆர்ல் நகரில் வான் கோ வரைந்த காஃபி கடை ஒன்று. 1897இல் ஓட்டல் ஜன்னலிலிருந்து பிஸாரோ வரைந்த பாரிஸின் மொன்மார்த்ர் பெருஞ்சாலை இன்னொன்று.

பிஸாரோவைப் போஸ்ட் இம்ப்ரஷனிஸ்ட் என்றால் சிலர் சண்டைக்கு வருவார்கள். மாறும் வெளிச்சத்தை அப்படியே பிடிக்கப் பார்த்த இம்ப்ரஷனிஸ்ட்கள் நடத்திய எட்டு கண்காட்சிகளிலும் கலந்துகொண்ட ஒரே ஓவியர் அவர்தான். ஆனால் நடுவில் சில ஆண்டுகள், வண்ணத்தைப் புள்ளி புள்ளியாக வைத்து வரைந்த போஸ்ட் இம்ப்ரஷனிஸ்ட் ஸூராவோடு சேர்ந்து புள்ளி வைத்துவிட்டும் வந்தவர். அதனால் இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

பெரும்பாலோர் கை வைப்பது காஃபி கடையில். நானும் அப்படித்தான். அந்த இரவில் கறுப்பே இல்லை என்று வான் கோ தங்கைக்கு எழுதினார்; நீலம், ஊதா, பச்சைதான். மஞ்சள் எரிவதே பக்கத்தில் நீலம் இருப்பதால்தான். வம்பும் அங்கேதான். காயாத நீலத்தில் மஞ்சள் பிரஷ் பட்டால் பச்சையாகிவிடும். என் முதல் நகலில் பந்தல் ஓரம் முழுக்கப் பாசி பிடித்தாற்போல் ஆகிவிட்டது. நீலம் காயச் சில நாள் விட்டு, மஞ்சளைக் கடைசியில் தடிமனாக வைத்திருக்க வேண்டும். அப்புறம் பந்தல், மேஜைகள், கல் பாவிய தரை எல்லாம் கோடு சரியாக வந்தால்தான் நிற்கும். டிராயிங் பிசகினால் எந்த வண்ணமும் காப்பாற்றாது.

பிஸாரோ இந்த விஷயத்தில் தாராளம். மேலிருந்து பார்த்த தெரு. எல்லாக் கோடுகளும் தூரத்தில் ஒரு புள்ளியை நோக்கி ஓடுகின்றன. அந்தப் புள்ளியைச் சரியாக வைத்துவிட்டால் மனிதர்களும் குதிரை வண்டிகளும் வெறும் தீற்றல்கள்தான். ஈரத் தரையில் வெளிச்சம் கரைவதால், ஈரத்தின் மேலேயே ஈரமாகப் போட்டுப் பழகலாம். கொஞ்சம் கலங்கினாலும் மழை இரவுக்குப் பொருந்திவிடும். பாடம் அதில் உள்ள வெளிச்சங்களில் இருக்கிறது. நடுவில் மின்விளக்குகளின் குளிர்ந்த வெள்ளை, கடைகளில் எரிவாயு விளக்கின் வெதுவெதுப்பான மஞ்சள், வண்டிகளில் எண்ணெய் விளக்கு. மூன்றுக்கும் ஒரே மஞ்சளைப் போட்டால் படம் செத்துவிடும். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, எது எதைவிடப் பிரகாசம் என்று பிரிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஸூரா, சின்யாக் பாணிப் புள்ளி ஓவியங்களைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். பொறுமை வரும், பிரஷ்ஷை இழுக்கக் கை வராது. முதல் நகலுக்கு வேண்டாம்.

அளவும் ஒரு கணக்கு. காஃபி கடை சுமார் 81 × 65 செ.மீ.; பிஸாரோவுடையது சுமார் 53 × 65. சிறிய கேன்வாஸை நிரப்பச் சிரமம் குறைவு.

இரண்டுக்கும் பொதுவாக ஒரு எச்சரிக்கை: டைட்டானியம் வெள்ளை அந்தக் காலத்தில் கிடையாது. அது வலுவான வெள்ளை. கொஞ்சம் கூடினாலும் நீலம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடும்.

என் ஓட்டு பிஸாரோவுக்கு, முதல் நகல் என்ற வரையில். காஃபி கடையை மூன்றாவது நகலாக வைத்துக்கொள்ளுங்கள். ஆசை தாங்காது என்றால் பந்தலும் விளக்கும் உள்ள மூலையை மட்டும் சின்ன கேன்வாஸில் போட்டுப் பாருங்கள்.