ஊர்ப் பள்ளிக்குப் பணம் சேர்ந்தால் எதில் போடுவது? ஓவியம், டிவி, பாலா, கரும்பலகை: ஓர் ஒப்பீடு

வேலூர் பக்கத்துக் கிராமங்களில் இப்போது நிறையப் பார்க்கிற ஒரு நல்ல விஷயம், முன்னாள் மாணவர்கள் ஒன்று சேர்ந்து தாங்கள் படித்த தொடக்கப் பள்ளிக்கு ஏதாவது செய்வது. வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து, ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு, ஒரு தொகை சேர்ந்துவிடும். 2022-இல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம் வந்த பிறகு இதற்கு அரசு வழியும் தெளிவாக இருக்கிறது. சிக்கல் அதற்கு அப்புறம்தான். பணத்தை எதில் போடுவது?

குடியாத்தம், கே.வி.குப்பம், அணைக்கட்டு பக்கம் நான் பார்த்தவரையில் பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: சுவர் முழுக்க ஓவியம், அல்லது பெரிய டிவி. எங்கேயாவது ஒரு எச்.எம். ஆர்வமாக இருந்தால் 'பாலா' (கட்டடத்தையே பாடம் சொல்ல வைக்கும் முறை) என்ற பெயர் அடிபடும். தாழ்வான கரும்பலகை, மொட்டைமாடிக்கு வெள்ளை, நிழலுக்கு மரம் என்று யாரும் கேட்பதில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் கை எட்டுகிற இடத்தில், பிள்ளையே எழுதி அழித்து மாற்றக்கூடிய எதுவோ அதற்குத்தான் முதல் ரூபாய் போக வேண்டும். பார்க்க மட்டுமே முடிகிற எதுவும் வரிசையில் பின்னால் நிற்கட்டும்.

சுவர் ஓவியத்துக்கு ஏன் இவ்வளவு மவுசு என்று புரிந்துகொள்வது கஷ்டமில்லை. ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிடும், பழுப்பேறிய கட்டடம் பளிச்சென்று ஆகிவிடும், போட்டோ எடுத்துக் குழுவில் போடலாம். பிள்ளைகளுக்கும் பள்ளிக்கு வர ஒரு ஆசை வரும், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வரைவது என்ன? வகுப்பறைக்கு வெளியே தலைவர்கள் படம், உள்ளே கார்ட்டூன் பொம்மைகள், ஆறடி உயரத்தில் திருக்குறள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். மூன்றாவது வாரத்தில் அண்ணாந்து பார்ப்பதும் நின்றுவிடும்.

சுவர் நிறைய நிறைய நல்லது என்ற நம்பிக்கைக்கு எதிராக ஒரு சோதனை இருக்கிறது. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 2014-இல் வெளியானது. மழலையர் வகுப்புப் பிள்ளைகள் 24 பேருக்கு, படங்கள் நிறைந்த அறையில் சில பாடங்களும் வெறும் சுவர் அறையில் சில பாடங்களும் நடத்தினார்கள். படங்கள் நிறைந்த அறையில் கவனம் சிதறிய நேரம் 39 சதவீதம், வெறும் சுவர் அறையில் 28. தேர்விலும் வெறும் சுவர் அறையில் நடந்த பாடங்களில்தான் பிள்ளைகள் கூடுதலாகச் சரியான விடை சொன்னார்கள். சின்னச் சோதனைதான். சுவரை மொட்டையாக விடச் சொல்லும் ஆதாரமாக இதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பாடம் கவனிக்கும்போது பிள்ளையின் கண்ணுக்கு நேரே இருக்கும் சுவரையாவது அமைதியாக விடுங்கள் என்ற அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

டிவியைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. தொடுதிரைப் பலகை என்றால் விலை லட்ச ரூபாயைத் தாண்டும். நல்ல ஆசிரியர் கையில் அது நல்ல கருவிதான். எரிமலையையும் இதயத் துடிப்பையும் வேறு எப்படிக் காட்டுவது? ஆனால் அரசே பல தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறை கொடுத்துவரும்போது, ஊர்ப் பணத்தில் இன்னொன்று வாங்குவது வீண். கரண்ட் போனால் திரை கருப்பு. ஒரு நேரத்தில் ஓரிரு பிள்ளைகள்தான் தொட முடியும், மற்ற பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான்.

இப்போது பாலாவுக்கு வருவோம். இது ஆள் பெயர் இல்லை. கட்டடத்தையே கற்றல் கருவியாக மாற்றும் முறைக்கு வைத்த ஆங்கிலப் பெயரின் (Building as Learning Aid) முதலெழுத்துகள். டெல்லியில் இயங்கும் வின்யாஸ் என்ற அமைப்பு யுனிசெஃப் துணையுடன் உருவாக்கியது. இதற்கு முன்னின்றவர் கட்டடக் கலைஞர் கபீர் வாஜ்பாய். கட்டடத்தில் எப்படியும் கதவு, ஜன்னல், படி, தூண், தரை இருக்கிறது. அவற்றுக்குச் செலவு ஏற்கெனவே ஆகிவிட்டது. கொஞ்சம் கூடுதலாக யோசித்தால் அவையே பாடம் சொல்லும் என்பதுதான் அடிப்படை. கதவு திறக்கும் இடத்தில் தரையில் கோணமானி வரையலாம். ஜன்னல் கம்பியை விரல் ஓட்டிப் பழகும் வளைவுகளாக அமைக்கலாம். மின்விசிறி இறக்கைகளில் ஏழு நிறம் பூசினால், சுற்றும்போது நிறங்கள் கலந்து வெளிறிப்போவதைப் பார்க்கலாம். தூணில் சென்டிமீட்டர் அளவு குறித்தால், பிள்ளை தன் உயரத்தைத் தானே பார்த்துக்கொள்ளும்.

எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. ஆனாலும் நம்மூரில் செய்யும்போது பாதி ஓவியக் கணக்கிலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறது. கதவுக் கோணமானியை எடுத்துக்கொள்வோம். நம் பள்ளிகளின் இரும்புக் கதவு காலையில் திறந்தால் கொக்கி மாட்டி, அல்லது ஒரு கல்லை முட்டுக் கொடுத்து, சாயங்காலம் வரை அப்படியே நிற்கும். கதவு 30 டிகிரியில், 45 டிகிரியில் நின்று யாரும் பார்க்கப் போவதில்லை. 'இன்று கதவை 60-இல் நிறுத்து' என்று ஒரு பிள்ளையிடம் தினமும் சொல்லும் ஆசிரியர் இருந்தால்தான் அந்த வரைபடத்துக்கு உயிர். அடுத்தது பெயிண்ட். வெளித்தரையில் எனாமல் பூசி வரைந்த எண் கட்டங்கள் ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தாங்காது, உரிந்துவிடும். தரை பூசும்போதே ஈர சிமெண்டில் கோடு கீறிவிட்டால் பல வருஷம் இருக்கும். கொத்தனாரிடம் முதலிலேயே சொல்லி வைத்தால் இதற்குத் தனியாகச் செலவே கிடையாது.

பாலா யோசனைகளில் வேலூருக்கு என்றே செய்தது போன்ற ஒன்று உண்டு: நிழல் கம்பம். இந்த ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. மைதானத்தில் ஒரு மீட்டர் உயரக் கம்பி ஒன்றைச் செங்குத்தாக நட்டு, நண்பகல் நிழலின் நுனியை மாதம் ஒரு முறை பிள்ளைகளே குறிக்கட்டும். நம் அட்சரேகை ஏறக்குறைய 12.9 டிகிரி வடக்கு. டிசம்பர் 21-ஐ ஒட்டி நிழல் வடக்குப் பக்கம் ஏறக்குறைய 74 சென்டிமீட்டர் நீளம் விழும். ஜூன் 21-ஐ ஒட்டிப் பார்த்தால் நிழல் தெற்குப் பக்கம் போயிருக்கும், நீளம் 19 சென்டிமீட்டர்தான். நடுவில் வருஷத்துக்கு இரண்டு நாள், ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 19 வாக்கிலும், சூரியன் நேர் உச்சிக்கு வந்து கம்பியின் நிழலே காணாமல் போகும். அதுவும் கடிகாரத்தில் சரியாக 12 மணிக்கு இல்லை. ஆகஸ்டில் பகல் 12.17 வாக்கில். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது, வேலூரோ அதற்கு மூன்று டிகிரிக்கு மேல் மேற்கே இருக்கிறது என்பதுதான் இந்தத் தாமதத்துக்கு முக்கியக் காரணம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதில் அளவு, திசை, பருவம், நேரம் எல்லாமே வந்துவிடுகிறது. செலவு என்று பார்த்தால் ஒரு கம்பி, ஒரு பிடி சிமெண்ட். சுவரில் வரைந்த சூரியக் குடும்பத்தையும் இந்தக் கம்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் யோசிக்காமல் கம்பியைத்தான் எடுப்பேன்.

ஆனால் ஒன்றே ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், தாழ்வான கரும்பலகை. வகுப்பறையின் சுவர்களில், தரையிலிருந்து ஒரு அடி விட்டு மூன்றரை அடி உயரம் வரை, சுற்றிலும் ஓடும் கருப்புப் பட்டை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு பங்கு, மேலே அந்தப் பிள்ளையின் பெயர். பிள்ளைகள் அவரவர் வேகத்தில் தாங்களே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் 2007-இல் மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தபோது நம் வகுப்பறைகளுக்குள் வந்த மாற்றம் இது. கூடவே தலைக்கு மேல் கம்பிப் பந்தல் கட்டி, அதில் பிள்ளைகள் வரைந்ததை, செய்ததைத் தொங்கவிட்டார்கள். பெஞ்சு போய்ப் பாய் வந்தது, பாடம் அட்டைகளாகத் தட்டுக்கு வந்தது, ஆசிரியர் நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

இந்தக் கதையில் நம் மாவட்டத்துக்கும் பங்கு உண்டு என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது. 1990-களின் நடுவில், வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் இருந்த காலத்தில், பீடிச் சுற்றுவதில் கொத்தடிமையாக அகப்பட்டிருந்த பிள்ளைகளை மீட்டுச் சிறப்புப் பள்ளிகளில் சேர்த்தார்கள். வயதுக்கேற்ற வகுப்பு என்று அந்தப் பிள்ளைகளை வரிசையில் உட்காரவைக்க முடியாது. அவரவர் வேகத்தில் படிக்க வேறு வகையான இடம் வேண்டியிருந்தது. இங்கே கலெக்டராக இருந்த எம்.பி.விஜயகுமார், பிறகு சென்னை மாநகராட்சி ஆணையரானபோது, மதனப்பள்ளிப் பக்கத்து ரிஷிவேலி பள்ளியின் முறையையும் சேர்த்து 2003-இல் மாநகராட்சிப் பள்ளிகளில் இதை ஆரம்பித்தார்.

இன்று பல பள்ளிகளில் அந்தக் கருப்புப் பட்டையின் மேலேயே கார்ட்டூன் வரைந்துவிட்டார்கள். பிள்ளை எழுதுகிற இடத்தை எடுத்துக்கொண்டு, பிள்ளை பார்க்கிற படத்தைக் கொடுத்திருக்கிறோம். இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை. சாக்பீஸ் தூசு, ஓதம் ஏறிப் பூச்சு உதிர்வது என்று குறைகள் உண்டு. ஈரத் துணியால் துடைத்தால் தூசு அடங்கும். ஓதச் சுவருக்கு முதலில் பூச்சு வேலை செய்தே ஆக வேண்டும், அதன் மேல் பெயிண்ட் அடித்து மறைத்தால் ஆறு மாதத்தில் மறுபடி உப்புப் பூக்கும்.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். இங்கிலாந்தின் சால்ஃபோர்டு பல்கலைக்கழகம் 27 பள்ளிகளில் 153 வகுப்பறைகளை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட முடிவின்படி, பிள்ளைகளின் ஓராண்டு முன்னேற்றத்தில் தெரிந்த வேறுபாட்டில் 16 சதவீதம் வகுப்பறையின் அமைப்பைப் பொறுத்தது. அதில் பாதியளவு வெளிச்சம், வெப்பம், காற்று சார்ந்தது. குளிர்நாட்டுக் கணக்கு அது. மார்ச் மாதமே மொட்டைமாடி கொதிக்கிற வேலூரில் வெப்பத்தின் பங்கு இன்னும் குறைவாக இருக்கும் என்று நான் நம்பவில்லை. அதனால் கரும்பலகைக்கு அடுத்து மாடிக்கு வெள்ளைப் பூச்சு, மேற்குச் சுவர்ப் பக்கம் புங்கனோ வேம்போ. மரம் நிழல் தர வருஷங்கள் ஆகும், ஆனால் வந்துவிட்டால் அதன் அடியில் இன்னொரு வகுப்பறை கிடைக்கும்.

பணமே சேராத ஊருக்கும் வழி இருக்கிறது. வேலூர்க் கோட்டை ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில் இருக்கிறது. தீம் பார்க் டூருக்குச் செலவழிக்கிற பள்ளிகள், பிள்ளைகளின் கையில் ஒரு அளவு நாடா கொடுத்து இங்கே அழைத்து வரலாம். அகழி ஏன் இருக்கிறது, மதில் ஏன் இப்படி வளைகிறது, 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் இந்த மதிலுக்குள் எங்கே நின்றிருப்பார்கள் என்று நடந்து பார்த்துப் பேசலாம்.

இதெல்லாம் தெரிந்தும் ஏன் டிவிக்கே கை தூக்குகிறார்கள்? பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அதாவது முடிவு அம்மாக்கள் கையில். அப்படி ஒரு கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டார்: "டிவி வெச்சா பிரைவேட் ஸ்கூல் மாதிரி இருக்கும்ல டீச்சர்? கருப்பு பெயிண்ட் அடிச்சா என்ன இருக்கப்போவுது?" நியாயமான கேள்வி. கரும்பலகையில் பிள்ளை என்ன செய்கிறது என்று அவரிடம் யாரும் காட்டியதே இல்லை. டீச்சர் அடுத்த கூட்டத்தை வகுப்பறையிலேயே, பிள்ளைகள் இருக்கும்போதே வைத்தார். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் பங்குச் சுவரில் 47-லிருந்து 19-ஐக் கழித்தாள், தப்பாக வந்தது, உள்ளங்கையால் அழித்தாள், 40-ஐ நாலு கட்டாக வரைந்து ஒரு கட்டைப் பிரித்து மறுபடி போட்டாள், 28 வந்தது. அந்த அம்மா பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து கடைசி வரை பார்த்தார்.

அதனால் பணம் சேர்த்திருக்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது: கொட்டேஷன் வாங்குவதற்கு முன்னால் பெற்றோரை ஒரு மணி நேரம் வகுப்பில் உட்கார வையுங்கள். ஒரு சுவரில் மட்டும் கருப்புப் பட்டை அடித்து ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள், நிழல் கம்பத்தை ஆகஸ்டுக்கு முன்னால் நட்டுவிட்டு நிழல் மறையும் நாளுக்கு ஊரையே கூப்பிடுங்கள். மிச்சத்தில் ஒரு சின்னத் தொகையை சாக்பீஸுக்கும், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பட்டைக்கு மறுபூச்சு அடிக்கவும் எச்.எம். பெயரும் மேலாண்மைக் குழுத் தலைவர் பெயரும் சேர்ந்த கணக்கில் போட்டு வையுங்கள்.