பழைய ஆபீஸா, டிப்போவுக்குள் புதுக் கட்டடமா?

மதுரையில் பஸ் ஊழியர்களுக்கு ஓய்வறை, டியூட்டி போடும் செக்‌ஷன், கலெக்‌ஷன் கட்டும் கவுண்டர் மூன்றையும் ஓரிடத்தில் அமைக்க வேண்டுமென்றால் இரண்டு வழிகள் உண்டு. சும்மா கிடக்கும் ஆபீஸ் கட்டடத்தை மாற்றியமைக்கலாம். இல்லையென்றால் டிப்போ வளாகத்திலேயே புதிதாக எழுப்பலாம்.

தூண், கூரை, மாடிப்படி எல்லாம் ஏற்கெனவே இருக்கிறதே, பெயின்ட் அடித்தால் போதாதா என்பார்கள். பாதிதான் உண்மை. தளத்தின் பலம் பெரிய பிரச்சினையில்லை. இந்தியத் தரநிலைப்படி ஆபீஸ் அறைத் தளம் சதுர மீட்டருக்கு 2.5 கிலோநியூட்டன் பாரம் தாங்க வேண்டும். வரிசையாகப் படுக்கும் கூடத்துக்கு 2 போதும். பழைய கட்டடத்தில் கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிக்கலே தண்ணீரில்தான். ஆபீஸ் என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் என்றுதான் கணக்குப் போடுவார்கள். தங்கிக் குளிக்கும் விடுதிக்கு 135 லிட்டர், அதாவது மூன்று மடங்கு. மேல்தொட்டி, சம்ப், கழிவுநீர்க் குழாய் எல்லாமே மாறும். மாடிக்கு இரண்டு கக்கூஸ் இருந்த மூலையில் வரிசையாகக் குளியலறை வைக்கத் தளத்தைக் கொத்த வேண்டும். அங்கே ஒழுக ஆரம்பித்தால் கீழே பணம் எண்ணும் கவுண்டர் நனையும். சித்திரை வெயிலில் இன்ஜின் சூட்டோடு ஓட்டிவிட்டு இறங்கும் டிரைவர் முதலில் தேடுவது பக்கெட்டைத்தான். பெண் கண்டக்டர்களுக்குத் தனி அறையும் குளியலறையும் வேறு வேண்டும்.

டிப்போவில் கட்டினால் இதையெல்லாம் தொடக்கத்திலேயே திட்டமிடலாம். ஆனால் அங்கே எடுக்கும் ஒவ்வொரு அடியும் பஸ் நிறுத்தும் இடம். சத்தமும் அதிகம். ராத்திரியில்தான் பஸ் கழுவுவார்கள், டீசல் போடுவார்கள், டயர் கழற்றுவார்கள். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் ஆபீஸ் கட்டடம் சொர்க்கம்.

2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப்படி, ஊழியர் இரவில் தங்க வேண்டிய இடத்தில் ஓய்வறை இருந்தாக வேண்டியிருந்தது. தூரத்தைப் பற்றி யோசிக்க வேண்டியது நாம்தான். கடைசி டிரிப் முடித்து, சில்லறையை ரூபாய் வாரியாக அடுக்கி எண்ணிக் கட்டிவிட்டு, விடிவதற்குள் முதல் டிரிப் எடுக்கிறவர் அரை மைல் நடக்க மாட்டார். மூன்று பேர் சீட்டில் காலை மடக்கிக்கொண்டு, படிக்கட்டில் கொசுவத்தி ஏற்றிவைத்துப் பஸ்ஸிலேயே படுத்துவிடுவார்.

அதனால் என் ஓட்டு இப்படி: டிப்போ கேட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தால் பழைய ஆபீஸை எடுக்கலாம், குழாய் வேலைக்குத் தாராளமாகச் செலவழித்து. தள்ளியிருந்தால் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம், டிப்போவில் சின்னதாகவே கட்டலாம். ஒரே கட்டடத்தில் ஊருக்கே தீர்வு என்ற பேச்சும் எடுபடாது. தேனி, திண்டுக்கல் பஸ்கள் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில், சென்னை, நெல்லை பஸ்கள் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில், இடையில் வைகை ஆறு. எங்கே கட்டினாலும் இன்னொரு பக்கத்தில் நாலு கட்டிலும் ஒரு குளியலறையும் தனியாக வேண்டியிருக்கும்.