220 ரூபாய் மல்டிமீட்டரும் 'டக்' என்று மட்டும் சொன்ன ஆல்டோவும்

தூத்துக்குடியில் எலக்ட்ரிக்கல் கடைகளில் தொங்கும் அந்த மஞ்சள் நிற டிடி-830டி மல்டிமீட்டரைப் பற்றித்தான் எழுதுகிறேன், வோல்ட், ஆம்பியர், ஓம் எல்லாம் அளக்கும் சின்னக் கருவி. 220 ரூபாய்க்கு வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன், மீட்டர் எனக்குப் புதிதல்ல. ஆனால் காருக்காக ஒன்று வாங்கியது இதுதான் முதல் தடவை.

எங்கள் கார் 2011 ஆல்டோ. ஒரு நாள் காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கவில்லை. வந்து பார்த்த மெக்கானிக், பேட்டரி போய்விட்டது என்றார். பழையதைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கினோம், 3,600 ரூபாய். மாட்டும்போது எதையோ அசைத்திருப்பார் போல, இரண்டு நாள் வண்டி ஓடியது. மூன்றாம் நாள் மறுபடி அதே டக். இன்னொரு கடையில் கேட்டால், செல்ஃப் மோட்டாரையே மாற்ற வேண்டும், 5,000 ஆகும் என்றார்கள். இருவருமே ஒரு மீட்டரைக்கூட வைத்துப் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. அளக்காமல் எப்படி முடிவு சொல்ல முடியும்?

அன்று சாயங்காலமே மீட்டரை வாங்கினேன். முதலில் வண்டியை ஆஃப் செய்து வைத்து பேட்டரியை அளந்தேன். திருகியை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனை பிளஸ்ஸில், கறுப்பு முனை மைனஸில். 12.61 காட்டியது. 12.6 என்றால் நிறைந்த பேட்டரி, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12க்குக் கீழே போனால் சார்ஜ் அநேகமாகத் தீர்ந்துவிட்டது. ஆக பேட்டரியில் குறை இல்லை. சத்தமும் அதையேதான் சொன்னது. பேட்டரி இறங்கியிருந்தால் பெரும்பாலும் 'டகடகடக' என்று விடாமல் அடிக்கும். செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட்டை இணைத்துவிடும் காந்த சுவிட்சான சாலினாய்டு இழுத்தவுடன் மோட்டார் கரண்ட்டை உறிஞ்சும், வோல்டேஜ் சரியும், சாலினாய்டு விட்டுவிடும், உடனே வோல்டேஜ் ஏறி மறுபடி இழுக்கும். எங்கள் வண்டியில் ஒரே டக். ஹெட்லைட்டும் மங்கவில்லை.

அடுத்த சோதனைக்குத்தான் இந்த மீட்டரை இவ்வளவு பாராட்டுகிறேன். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்துவிட்டு, மகளை உள்ளே உட்கார வைத்தேன். கறுப்பு முனையை பேட்டரியின் மைனஸ் முனையிலும், சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்திலும் அழுத்திப் பிடித்தேன்.

"அம்மா, திருப்பட்டுமா?"

"திருப்பு, மூணு எண்ணிட்டு விடு."

டக். மீட்டரில் 7.4 வோல்ட்.

அந்த இடத்தில் 0.2 வோல்ட்டுக்கு மேல் வரவே கூடாது. பேட்டரி மைனஸை இன்ஜினோடு இணைக்கும் ஒரு கனமான எர்த் கேபிளின் இரண்டு முனைகளைத்தானே தொட்டுக்கொண்டிருக்கிறேன்! பேட்டரி கொடுப்பதில் பாதிக்கு மேல் அந்த ஒரு கேபிளிலேயே தொலைந்துகொண்டிருந்தது. மிச்சமிருந்த ஐந்து வோல்ட் அளவு சாலினாய்டைப் பிடித்து வைக்கப் போதும், மோட்டாரைச் சுழற்றப் போதாது. பிளஸ் பக்கத்தையும் அதே மாதிரி அளந்தேன். 0.15தான், அங்கே குறை இல்லை.

இதே கேபிளின் மின்தடையை மீட்டரில் ஓம் வைத்துப் பார்த்திருந்தால் ஏமாந்திருப்பேன். நூறு ஆம்பியர் ஓடும் இடத்தில் 0.07 ஓம் இருந்தாலே 7 வோல்ட் விழும். இந்த மீட்டரோ 0.1 ஓமுக்குக் கீழே காட்டாது, அதன் ஒயருக்கே அதைவிட அதிக ஓம் இருக்கும். கரண்ட் ஓடும்போது விழும் வோல்ட்டைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். வகுப்பில் ஓம் விதியை எத்தனையோ வருஷமாக எழுதிப் போட்டிருக்கிறேன். அன்றைக்கு அதை என் வண்டியில் பார்த்தது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மைனஸைக் கழற்றிவிட்டு கேபிளைத் தடவிப் பார்த்தால், கியர்பாக்ஸில் போல்ட் போட்டிருக்கும் நுனி மட்டும் சூடாக இருந்தது. கழற்றினேன். பச்சைக் களிம்பு, உறைக்கு உள்ளே வரை ஏறியிருந்தது. கடல் காற்றில் தெருவிலேயே நிற்கும் வண்டி, வேறு எப்படி இருக்கும்? புது கேபிள் 240 ரூபாய். போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து மாட்டினேன். முதல் திருப்பிலேயே வண்டி எடுத்துவிட்டது. எர்த் பக்கம் இப்போது 0.11. செல்ஃப் சுற்றும்போது பேட்டரியில் 10.6 நிற்கிறது, 9.6க்குக் கீழே போகாத வரை கவலையில்லை. இன்ஜின் ஓடும்போது 14.1, அதனால் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டரும் நன்றாகவே சார்ஜ் ஏற்றுகிறது.

சரி, மீட்டரின் குறைகள். ஒயர் மெல்லிசு, இரண்டாம் மாதமே கறுப்பு ஒயர் முனையோடு பிய்ந்துவிட்டது. வேறு ஒயர் 60 ரூபாய்க்கு வாங்கினேன். எண்கள் மெதுவாகத்தான் மாறும், அதனால் சாவியை இரண்டு மூன்று நொடி பிடிக்க வேண்டும். வெளிச்சம் இல்லாத திரை, இருட்டில் டார்ச் வேண்டும். தானாக அணையாது. உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இறங்கினால் கணக்கே தப்பாகக் காட்டும், திரையில் பேட்டரிக் குறி வந்தால் உடனே மாற்றிவிடுங்கள். சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் செருகி பேட்டரியைத் தொட்டுவிடாதீர்கள், அது நேரடி ஷார்ட். வீட்டு 230 வோல்ட்டில் இதை நான் வைக்கவே மாட்டேன், என் மாணவர்களையும் வைக்க விடமாட்டேன். இந்த விலைக்கு உள்ளே என்ன பாதுகாப்பு இருக்கும் என்று நம்புவது?

12 வோல்ட் கார் வேலைக்கு என்றால் தயங்காமல் வாங்கலாம். என்னுடையது டேஷ்போர்டில்தான் கிடக்கிறது. வெயிலில் காரோடு வேகும் என்பதால் அந்த 9 வோல்ட் பேட்டரியை மட்டும் கழற்றி வீட்டில் வைத்திருக்கிறேன்.