அமோனியாவுக்கு எந்த ஒளி: ஹீலியம் விளக்கா, எக்ஸ் கதிரா, லேசரா?

வண்ணாரப்பேட்டையில் மாலை நேரத்தில் எம்.எஸ்சி. வேதியியல் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ஒளி எலக்ட்ரான் நிறமாலையியல் வந்தால் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "சார், யூபிஎஸ், எக்ஸ்பிஎஸ், ரெண்டுல எது பெஸ்ட்டு?" யூபிஎஸ் புற ஊதா ஒளியால் செய்வது, எக்ஸ்பிஎஸ் எக்ஸ் கதிரால் செய்வது. தேர்வுக்கு என்றால் ஓர் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்துவிடலாம். விஷயம் புரிய வேண்டுமென்றால் ஒரே மூலக்கூறை எல்லாக் கருவிக்குள்ளும் விட்டுப் பார்க்க வேண்டும். நான் அமோனியாவை எடுப்பேன். 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து கசிந்து, நடுராத்திரியில் ஜனங்களை வீட்டைவிட்டு ஓடவைத்த வாயு. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதை அறிமுகம் செய்யத் தேவையில்லை.

அடிப்படைக் கணக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஆற்றல் தெரிந்த ஒளியை வாயுவில் பாய்ச்சினால் எலக்ட்ரான் தெறித்து வெளியே வரும். அதன் இயக்க ஆற்றலை ஒளியின் ஆற்றலிலிருந்து கழித்தால், அந்த எலக்ட்ரானைப் பிடுங்க எவ்வளவு செலவானது என்று தெரிந்துவிடும். ஐன்ஸ்டைன் 1905-இல் போட்டுக்கொடுத்த கணக்கு. தகராறு எந்த ஒளி என்பதில்தான்.

முதலில் ஹீலியம் விளக்கு, அதாவது யூபிஎஸ். இதன் புற ஊதா ஒளியின் ஆற்றல் 21.22 எலக்ட்ரான் வோல்ட். வகுப்பில் சொல்வதுபோல் ஈவி என்றே வைத்துக்கொள்வோம். 1960களின் தொடக்கத்தில் லண்டனில் டேவிட் டர்னர் இதை வாயு மூலக்கூறுகள்மேல் பயன்படுத்திக் காட்டினார். மெல்லிய குழாய்க்குள் ஹீலியத்தை விட்டு மின்சாரம் பாய்ச்சினால் வெளிர் பீச் நிறத்தில் ஒளிரும். ஹீலியத்தில் அசுத்தம் கலந்தால் நிறமே மாறி, சங்கதி சரியில்லை என்று காட்டிக்கொடுத்துவிடும். விளக்குக்கும் வாயு அறைக்கும் நடுவே கண்ணாடி கிடையாது. இந்த அலைநீளத்தை, அதாவது 58.4 நானோமீட்டரை, உள்ளே விடும் வழக்கமான ஜன்னல் பொருள் எதுவும் இல்லை. அதனால் வழிந்து வரும் ஹீலியத்தைப் பம்பு வைத்து உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதில் அமோனியாவை விட்டால், வரைபடத்தில் முதல் பட்டை 10.2 ஈவி பக்கம் மெதுவாகத் தொடங்கி, 11-ஐ நெருங்கும் இடத்தில் உச்சம் தொட்டு இறங்கும். அது வழவழப்பான மேடு இல்லை. சீப்புப் பல் மாதிரி வரிசையாகச் சின்னச் சின்ன முகடுகள், பல்லுக்குப் பல் ஏறத்தாழ 0.12 ஈவி. இந்த முகடுகளில்தான் முழுக் கதையும் இருக்கிறது. அமோனியா பிரமிடு வடிவம். நைட்ரஜன்மேல் பிணைப்பில் சேராமல் இருக்கும் எலக்ட்ரான் ஜோடியான தனித்த இரட்டையிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்ததும் அயனி தட்டையாகிவிடும். வடிவம் அவ்வளவு மாறுவதால், குடை விரிந்து மடங்குகிற அந்த அதிர்வு நீண்ட வரிசையாகப் பதிவாகிறது. எந்த எலக்ட்ரான் போனது, போனதும் மூலக்கூறு என்ன ஆனது, இரண்டுக்கும் ஒரே படத்தில் பதில்.

குறை இல்லாமல் இல்லை. அமோனியா உலோகச் சுவரில் ஒட்டிக்கொண்டு ஆற்றல் அளவை நகர்த்திவிடும். கூடவே கொஞ்சம் ஆர்கான் விட்டு, அதன் 15.76, 15.94 இரட்டைக் கோடுகளை வைத்துத்தான் அளவுகோலைச் சரிசெய்ய வேண்டும். மூலக்கூறுகள் அறை வெப்பநிலையில் ஓடுகிற ஓட்டமே கோட்டைப் பத்து மில்லி ஈவி அளவுக்குத் தடிமனாக்கும். 21.22-க்கு மேல் கட்டுண்ட எலக்ட்ரானை இது தொடவே தொடாது. அமோனியாவில் 27 ஈவி பக்கம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதற்கு ஹீலியம் அயனியின் 40.81 ஈவி கோடு வேண்டும்.

அடுத்து எக்ஸ் கதிர், அதாவது எக்ஸ்பிஎஸ். சுவீடனின் உப்சாலாவில் காய் சீக்பான் வளர்த்தெடுத்த முறை, 1981-இல் நோபல். அலுமினியத்தின் 1486.6 ஈவி கதிர் நைட்ரஜனின் 1s எலக்ட்ரானையே, அதாவது அணுக்கருவை ஒட்டிய உள் எலக்ட்ரானையே, பிடுங்கிவிடும். ஆனால் அந்தக் கதிரின் சொந்த அகலமே 0.8 ஈவிக்கு மேல். ஒற்றை நிறமாக்கி வைத்து வடிகட்டினாலும் 0.12 ஈவிச் சீப்புப் பற்கள் அதில் கரைந்துபோகும். அமோனியாவின் குடை அதிர்வைக் கேட்டால் எக்ஸ்பிஎஸ் கையை விரித்துவிடும்.

சரி, அப்படியானால் எக்ஸ் கதிர் எதற்கு? நைட்ரஸ் ஆக்ஸைடை (N–N–O) விட்டுப் பாருங்கள். நைட்ரஜன் 1s-க்கு இரண்டு முகடுகள், நடுவே சுமார் 4 ஈவி இடைவெளி. ஒன்று ஓரத்து நைட்ரஜன், ஆற்றல் கூடியது ஆக்ஸிஜனை ஒட்டிய நடு நைட்ரஜன். ஆக்ஸிஜன் நடுவில் இருந்திருந்தால் ஒரே முகடுதான் வந்திருக்கும். எந்த அணு எங்கே, பக்கத்தில் யார் என்ற கேள்விக்கு ஹீலியம் விளக்கு இவ்வளவு நேரடியாகப் பதில் சொல்லாது. அமோனியாவில் இருப்பதோ ஒரே நைட்ரஜன், 405.5 ஈவி அருகே ஒரே முகடு. அதை நைட்ரஜன் வாயுவின் 410-உடன் ஒப்பிடலாம், அவ்வளவுதான்.

லேசர் முறை வேறு ஜாதி. 1984-இல் முல்லர்-டெத்லெஃப்ஸும் ஷ்லாகும் நைட்ரிக் ஆக்ஸைடில் செய்து காட்டினார்கள். லேசரின் ஆற்றலை மெல்ல நகர்த்தி, எலக்ட்ரான் வேகமே இல்லாமல் வெளியே வரும் இடத்தைப் பிடிப்பது. மூலக்கூறின் சுழற்சி நிலைகள்கூடத் தனித்தனியாகத் தெரியும். அமோனியாவின் அயனியாக்க ஆற்றல் 10.186 ஈவி என்று மூன்றாம் தசமம்வரை உறுதியாகச் சொல்ல முடிவது இந்த வழியில்தான். ஆனால் ஒவ்வொரு மூலக்கூறுக்கும், அயனியாவதற்குமுன் ஏறி நிற்கும் இடைநிலை எது, லேசர் எந்த நிறம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தெரியாத வாயுவை விட்டுப் பார்க்கிற கருவி இது இல்லை.

எலக்ட்ரான்களை வளையத்தில் அதிவேகமாகச் சுற்றவிட்டு ஒளி எடுக்கும் சிங்க்ரோட்ரானில் ஒளியின் ஆற்றலை நம் இஷ்டத்துக்கு மாற்றலாம். ஆர்கானின் வெளி எலக்ட்ரான் கோடு (3p), ஒளியின் ஆற்றல் 50 ஈவி அருகே வரும்போது தேய்ந்து மறுபடி எழுவது போன்றவை அங்கேதான் பிடிபடும். நம் நாட்டில் இந்தூரில் இண்டஸ்-1 என்ற சிங்க்ரோட்ரான் இருக்கிறது. எம்.எஸ்சி. அளவில் இதை நான் போட்டியிலேயே சேர்ப்பதில்லை.

என் ஓட்டு ஹீலியம் விளக்குக்கு. சின்ன மூலக்கூறின் குணம் வெளி எலக்ட்ரான்களில் இருக்கிறது. அங்கே இதற்கு நிகர் கிடையாது. அப்புறம், ப்ராஜெக்டில் "அமோனியா வாயுவுக்கு எக்ஸ்பிஎஸ்" என்று எழுதுகிறவர்களுக்கு ஒன்று: பெரும்பாலான எக்ஸ்பிஎஸ் கருவிகள் திடப்பொருளின் மேற்பரப்பைப் பார்க்கக் கட்டியவை. உயர் வெற்றிடத்துக்குள் வாயுவை விடக் கேட்டால், கருவிக்குப் பொறுப்பானவர் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.