மேஜிக் சீட்டுக்கட்டு ஆன்லைனில் வாங்குபவர்கள் கவனத்துக்கு

மேஜிக் செய்பவர்கள், புதிதாகக் கற்பவர்கள், பிள்ளைகளுக்கு வாங்கித் தர நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இன்ஸ்டாகிராமில் "கையால் தயாரித்த மேஜிக் கட்டு" என்று விற்கும் ஒருவர் என்னிடம் 2,800 ரூபாய் வாங்கிக்கொண்டு குப்பையை அனுப்பியிருக்கிறார். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரை இங்கே போடவில்லை. இப்படி விற்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், பேச்சும் சரக்கும் ஏறக்குறைய ஒரே ரகம்தான்.

நான் கேட்டது இதுதான். பைசைக்கிள் என்ற அமெரிக்க பிராண்டின் ஒரிஜினல் ரைடர் பேக் கட்டு, நீல நிறம். நீளவாட்டில் ஒரு முனை லேசாகக் குறுகும்படி சீவியிருக்க வேண்டும், முகத்தைப் பார்க்காமலே எந்தச் சீட்டு என்று தெரிய முதுகில் குறியும் இருக்க வேண்டும். சீவிய கட்டில் ஒரு சீட்டை மட்டும் திருப்பிச் செருகினால், அதன் அகலமான முனை மற்றச் சீட்டுகளின் குறுகிய முனையைத் தாண்டித் துளியூண்டு நீட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு கலைத்தாலும் விரலால் தடவி உருவிவிடலாம். தொழில் ரகசியத்தை உடைக்கிறான் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சூதாடிகள் சீட்டை இப்படிச் சீவுவதை 1861-லேயே பாரிசில் புத்தகமாக எழுதி அம்பலப்படுத்தினார் ராபர்ட் ஹூடின். அவரே பெரிய மேஜிக்காரர்.

பார்சல் வந்தது. பெட்டியில் செலோபேன் உறை இல்லை. பிரித்துச் சீவியதால் இருக்காது, சரி. ஆனால் சீட்டைக் கையில் எடுத்ததுமே ஓரம் சொரசொரவென்று இருந்தது. போக்கர் அளவுச் சீட்டின் அகலம் 63.5 மில்லிமீட்டர். வெர்னியர் வைத்து அளந்தேன். நல்ல கட்டில் அகல முனைக்கும் குறுகிய முனைக்கும் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே தாராளம், அதுவும் 52 சீட்டிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இதில் சில சீட்டில் அரை மில்லிமீட்டர், சிலவற்றில் ஒன்றரை. ஸ்டேஷனரி கடையில் விற்கும் பேப்பர் கட்டரில் ஒவ்வொன்றாக வைத்து இழுத்திருக்கிறார் போல. ஓரத்தைச் சீவினால் மூலை வளைவும் போய்விடும், அதற்கென்று உள்ள மூலை வெட்டியால் மறுபடி வளைத்துவிட வேண்டும். அந்த வேலையையே இவர் செய்யவில்லை. நான்கு மூலையில் இரண்டு உருண்டை, இரண்டு கூர். ரைடர் பேக்கில் சுற்றிலும் வெள்ளைக் கரை வேறு உண்டு. கோணல் வெட்டில் அந்தக் கரை ஒரு முனையில் பட்டையாகவும் மறுமுனையில் கோடாகவும் தெரிந்தது.

எனக்குத்தான் கண் ரொம்ப நுணுக்கமோ என்று சந்தேகம். எங்கள் சித்தப்பா ரம்மிப் பிரியர். ஒன்றும் சொல்லாமல் கட்டை அவர் கையில் கொடுத்தேன். ஒருமுறை கலைத்தார், கட்டைவிரலைப் பக்கத்தில் ஓட்டினார். "என்னடா தம்பி, எலி கடிச்ச கட்டா இருக்கு? இதை வெச்சா ஊரை ஏமாத்தப் போறே?" என்றார். மேஜிக்கைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் அவர்.

அடுத்தது முதுகுக் குறி. முறையாகச் செய்பவர்கள் டிசைனில் உள்ள வெள்ளைக் கோட்டின் ஒரு துணுக்கை, அச்சிட்ட அதே நீலத்தில் மை கலந்து மறைப்பார்கள். பளபளப்பும் ஒத்துப்போக வேண்டும். இவர் பெர்மனன்ட் மார்க்கரால் புள்ளி வைத்திருக்கிறார். டியூப்லைட் அடியில் சாய்த்துப் பிடித்தால் ஊதாவாக மினுங்குகிறது. இதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. முதுகுப் பக்கம் நம்மைப் பார்க்கும்படி கட்டைப் பிடித்துக்கொண்டு சீட்டுகளை ஒவ்வொன்றாகச் சரசரவென்று விரலால் விட வேண்டும். சுத்தமான கட்டில் டிசைன் அசையாமல் நிற்கும். குறியுள்ள கட்டில் அந்த இடம் மட்டும் துடிக்கும். நன்றாகக் குறி போட்ட கட்டில்கூட உற்றுப் பார்த்தால் கொஞ்சம் அசைவு தெரியும், அதில் குற்றமில்லை. இதில் உற்றுப் பார்க்கவே தேவையில்லை, பூச்சி ஓடுகிறது.

இதையெல்லாம்கூட கைவேலைக் குறை என்று விட்டிருப்பேன். விட முடியாதது சீட்டே போலி என்பது. ஒரிஜினல் சீட்டை இரண்டு தாள்களை ஒளி புகாத பசையால் ஒட்டிச் செய்கிறார்கள், மேலே ஏர் குஷன் என்று சொல்லும் நுண்ணிய குழிகள் இருக்கும். அதனால்தான் விசிறி விரித்தால் சீராக விரிகிறது. இது கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டது. என் பழைய கட்டிலிருந்து ஒன்றையும் இதில் ஒன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இதில் முதுகு வழியாகவே ஸ்பேடு ஏழின் புள்ளிகளை எண்ண முடிந்தது. குறி போட்ட செலவாவது மிச்சமாகியிருக்கும். ஸ்பேடு ஏஸின் அச்சும் ஒரிஜினல் மாதிரி இல்லை.

படம் எடுத்து அனுப்பினேன். வந்த பதில்: "ப்ரோ, இது மேஜிக் ஐட்டம். பாக்ஸ் ஓப்பன் பண்ணா ரிட்டர்ன் கிடையாது. சீக்ரெட் பாத்துட்டீங்கல்ல?" போலிச் சீட்டு பற்றிக் கேட்டதற்கு, "கிளப்புல ஆடறவங்களே என்கிட்டதான் வாங்கறாங்க, யாரும் கம்ப்ளெய்ன்ட் பண்ணதில்ல" என்றார்.

அங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. கிளப்பில் ஆடுவதற்குக் குறி போட்ட கட்டு வாங்கினவன் எந்த முகத்தோடு புகார் கொடுப்பான்? மேஜிக் செய்கிறவனுக்கோ, செய்முறையை வெளியே சொல்லக் கூடாது என்று பழக்கம். இரண்டு பேருமே வாய் திறக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் இவர் கடை ஓடுகிறது. வித்தைக்காக வாங்குகிற நாம் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்? கட்டு எப்படி வேலை செய்கிறது என்பதுதான் ரகசியம். மார்க்கர் பேனாவும் மட்டத் தாளும் யாருடைய ரகசியம்?

"ஓப்பன் பண்ணா ரிட்டர்ன் இல்லை" என்பதும் சும்மா மிரட்டல். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு போடாவிட்டால் 30 நாள் கணக்கு. எனக்குப் பில்லே தரவில்லை, ஆனால் ஜிபே ரசீதும் சாட்டும் இருக்கின்றன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து புகார் எண் வாங்கியிருக்கிறேன். இதைப் பற்றி இன்ஸ்டாகிராமில் ஸ்டோரியும் போட்டிருந்தேன். அதற்குப் பிறகு "பாதி பணம் தர்றேன், ஸ்டோரியை எடுத்துடுங்க" என்று அவரிடமிருந்து மெசேஜ் வந்தது. முழுப் பணமும் வரட்டும், அப்புறம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இதற்குப் பிறகும் இப்படிக் கட்டு வாங்கத்தான் வேண்டும் என்றால், பணம் அனுப்பும் முன் உங்களுக்கு வரப்போகும் அதே கட்டை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விசிறி விரிப்பதும், முதுகைச் சரசரவென்று விடுவதும், மூலைகள் நெருக்கத்தில் தெரிவதும் அதில் இருக்க வேண்டும். "அதெல்லாம் காட்ட முடியாது ப்ரோ" என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம். பார்சலைப் பிரிக்கும்போது வெட்டாமல் ஒரே ஓட்டமாக வீடியோ எடுத்து வையுங்கள். சீவிய கட்டு மட்டும் போதும் என்றால், கம்பெனியே மெஷினில் சீவி விற்கும் கட்டு மேஜிக் கடைகளில் இதைவிட எவ்வளவோ குறைந்த விலைக்குக் கிடைக்கிறது.

இதே ஆளிடம் வாங்கியிருப்போமோ என்று சந்தேகம் இருப்பவர்கள் இன்பாக்ஸில் சீட்டின் மூலையையும் ஸ்பேடு ஏஸையும் படம் எடுத்து அனுப்புங்கள், ஒப்பிட்டுச் சொல்கிறேன்.